காலாண்டு மார்க்கை வைத்து பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அந்த மார்க்கில் இருந்து நீங்கள் என்ன தெரிந்துகொள்கிறீர்கள்?

சாக்பீஸ்தூள்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், பணிக்கு வந்து அதிக வருடம் ஆகவில்லை. காலாண்டு முடிந்து மார்க் எல்லாம் ஏற்றியாயிற்று. இப்போது வழக்கமான பகுப்பாய்வுப் படிவம் வந்திருக்கிறது. 0 முதல் 20 வரை எத்தனை பேர், 21 முதல் 34 வரை எத்தனை பேர் என்று போகும், உங்களுக்குத் தெரியாததா. 35க்குக் கீழே உள்ளவர்கள் எல்லாம் மெல்லக் கற்போர் பட்டியல், அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு, கையில் மினிமம் மெட்டீரியல், அதாவது பாஸாகப் போதுமான கேள்விகள் மட்டும் உள்ள தொகுப்பு. மேலே இருப்பவர்களைச் சென்டம் பக்கம் தள்ள வேண்டும். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ரிவியூ மீட்டிங்கில் அவரையும் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டுத்தான் எழுப்பி நிறுத்துகிறார்கள், அதனால் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

என் குழப்பம் வேறு. ஒரு பையன் 41 வாங்கியிருக்கிறான், படிவத்தின்படி பிரச்சினை இல்லாதவன். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால் வடிவியலும் வரைபடமும் முழுசாக 16, ஒரு மதிப்பெண் கேள்விகளில் 12, தேல்ஸ் தேற்றம் மனப்பாடமாக 5, மீதி இரண்டு மதிப்பெண் கேள்விகள் நாலு. மற்ற இடமெல்லாம் காலி. அவன் தொட்டுப் பார்த்த ஒரே ஒரு இயற்கணிதக் கணக்கில் −3 − (−5) என்று வருகிற இடத்தில் −8 என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறான். இன்னொரு பெண் 31, மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கிறாள். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் முக்கால்வாசி வழி சரி, கடைசி வரியில் கோட்டை விட்டிருக்கிறாள். கடைசிப் பகுதியான வடிவியல், வரைபடத்தின் 16 மதிப்பெண்ணையும் தொடவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். காம்பஸ் இல்லை சார், தேர்வு ஹாலில் யாரிடமும் கேட்கக்கூடாது என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றாள்.

இந்த இரண்டு பேரில் யாருக்கு மாலை வகுப்பு வேண்டும்? படிவம் சொல்கிற பதில் எனக்கு ஒப்பவில்லை. அதற்காக நாற்பது தாளையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவது? அனுபவம் உள்ளவர்கள் மார்க்கை எப்படிப் படிக்கிறீர்கள், அதை வைத்து நிஜமாக என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்குத்தெரு கணக்கு:

சார், நானும் கணக்குதான், ரிட்டயர்மென்ட் பக்கம் வந்துவிட்டேன். மொத்த மார்க் என்பது ரிஜிஸ்டருக்கு. வகுப்புக்கு வேண்டியது கேள்வி வாரியான பட்டியல். ஒரு நீள நோட்டில் இடது பக்கம் பெயர்கள், மேலே கேள்வி எண்கள். திருத்தும்போதே போட்டுக்கொண்டு வந்தால் தனி வேலை இல்லை, திருத்தி முடித்த பிறகு உட்கார்ந்தால்தான் அது மலை மாதிரித் தெரியும். முழு மார்க் என்றால் டிக், தொடவில்லை என்றால் வட்டம், முயற்சி செய்து தப்பு என்றால் பெருக்கல் குறி. இந்த வட்டத்தையும் பெருக்கலையும் பிரிப்பதுதான் முக்கியம். நம் தேர்ச்சிப் படிவத்தில் இரண்டுமே பூஜ்யம். வட்டம் போட்டவனுக்குப் பயமோ நேரமோ சாமானோ பற்றவில்லை. பெருக்கல் போட்டவனுக்கு ஏதோ ஒரு படி தெரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பட்டியல் முடிந்ததும் முதலில் கீழ்நோக்கிப் படியுங்கள், பிள்ளைகளை அப்புறம் பார்க்கலாம். ஒரு கேள்வியின் கட்டம் முழுக்கப் பெருக்கல் குறியாக இருந்தால் அது பிள்ளைகளைப் பற்றிய செய்தி இல்லை, நாம் நடத்தியதைப் பற்றியது, அல்லது கேள்வியே சரியில்லை. பிறகு மொத்தத்தில் மேலே உள்ள பத்து பேர், கீழே உள்ள பத்து பேர், இவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். (புத்தகங்களில் மேல் 27 விழுக்காடு, கீழ் 27 விழுக்காடு என்று இருக்கும். நாற்பது பேர் வகுப்பில் அது பதினொன்று வரும், பத்து என்று வைத்துக்கொண்டால் குடி முழுகாது.) மேல் பத்தில் எட்டு பேரும் கீழ்ப் பத்தில் இரண்டு பேரும் சரியாகச் செய்திருந்தால் அந்தக் கேள்வி தன் வேலையைச் செய்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கீழே இருப்பவர்கள் சரியாகவும் மேலே இருப்பவர்கள் தப்பாகவும் எழுதியிருந்தால் உடனே விடைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் குறிப்பில்தான் தப்பு இருக்கும்.

ஒரு மதிப்பெண் பகுதியை மட்டும் நம்பாதீர்கள். நாலு விடையில் ஒன்று, 14 கேள்வி. கேள்வியைப் படிக்காமலே வட்டமிட்டாலும் சராசரியாக மூன்றரை வரும். நம் தாளில் பாதிக்கு மேல் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள், அதுவும் சேர்ந்தால் உங்கள் பையனின் 12க்கு அவன் நினைவாற்றலைத்தான் பாராட்ட வேண்டும்.

பிரிப்பது தப்பில்லை. எதை வைத்துப் பிரிக்கிறோம், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. குறை எண் கழித்தல் வராதவர்கள் ஒரு குழு, அதில் 41ம் இருக்கலாம் 62ம் இருக்கலாம். ஒரு வாரம் அதை மட்டும் எடுத்துவிட்டுக் குழுவைக் கலைத்துவிடுங்கள். ஜூலையில் போட்ட மெல்லக் கற்போர் பட்டியல் மார்ச் வரைக்கும் பெயர் மாறாமல் அப்படியே இருக்கிறது என்றால், அந்த மாலை வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

பாஸ்மார்க்:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் இருக்கும் பள்ளியில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வராது. ஏழு மாதத்தில் அவனுக்கு இயற்கணிதம் புரிய வைக்கிறேன் என்று கிளம்பினால் அவனுக்கு இயற்கணிதமும் வராது, பாஸும் ஆகமாட்டான். வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் 14, ஆக 30. இன்னும் ஒரு ஐந்து மதிப்பெண், சரியாக 35. இந்தக் கணக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளையைத் துணைத் தேர்வுக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் இல்லை. பத்தாவது பாஸ் இருந்தால் பாலிடெக்னிக் போவான், பதினொன்று போவான். இல்லையென்றால் செட்டுக்குள் வேலைக்குப் போவான், திரும்ப வரமாட்டான். மார்க்கை அறிவின் அளவு என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. அது கதவுச் சாவி. உங்கள் 41 பையன் சாவியை எடுத்துக்கொண்டுவிட்டான், நல்லது. அந்த 31 பெண்ணுக்குக் காம்பஸ் வாங்கிக் கொடுங்கள், அவளும் எடுத்துக்கொள்வாள்.

மேற்குத்தெரு கணக்கு:

@பாஸ்மார்க் மறுக்கவில்லை, நானும் அதைச் செய்தவன்தான். ஜனவரிக்கு மேல் செய்தால் சரி. காலாண்டிலேயே அதில் இறங்கிவிட்டால் அந்த மார்க்கில் இருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் நாமே அதைத் தயாரித்துக் கொடுத்துவிட்டோம். அந்தப் பையன் பதினொன்றில் கணக்கு உள்ள குரூப் எடுத்தால் என்ன ஆவான் என்பதையும் நினைக்க வேண்டும். 41ஐப் பார்த்துவிட்டு வீட்டில் அதைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

எண்ணும்மனசும்:

ஆசிரியர் இல்லை, புள்ளியியல் வேலை, பத்தாவது படிக்கும் பெண்ணின் அப்பா. குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். உங்கள் படிவத்தில் 34க்கும் 35க்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்.

எந்தத் தேர்விலும் பிழை அளவு உண்டு. அதே பிள்ளைக்கு அதே பாடத்தில் அதே தரத்தில் வேறு வினாத்தாள் கொடுத்தால் அதே மார்க் வராது. நல்ல தேர்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம், நம்பகத்தன்மை (திரும்ப வைத்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது, முழுசாக ஒத்துவந்தால் 1) 0.9, மார்க்கின் திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 15. அப்போது தனி ஒரு மார்க்கின் திட்டப் பிழை, அது வழக்கமாக எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பது, 15 பெருக்கல் 0.1இன் (1இல் இருந்து 0.9 போக மீதி) வர்க்கமூலம், அதாவது கிட்டத்தட்ட 5. ஆக 33 என்பது 28ஆகவும் இருக்கலாம் 38ஆகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இந்த எல்லையையும் தாண்டியே இருக்கும். இது நல்ல தேர்வுக்கு. பள்ளியில் அவசரமாகப் போடும் 25 மார்க் சிலிப் டெஸ்டின் நம்பகத்தன்மை இந்த அளவுக்குக் கிட்டே வராது. அதை வைத்து 9 வாங்கியவனையும் 11 வாங்கியவனையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைப்பது மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போலத்தான்.

அப்புறம் இன்னொரு பொறி. ஒரு தேர்வில் மிகக் கீழே வந்தவர்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்களில் சிலர் உண்மையிலேயே பின்தங்கியவர்கள், சிலர் அன்றைக்கு மட்டும் சரியாகச் செய்யாதவர்கள், காய்ச்சலோ தூக்கமில்லையோ காம்பஸ் இல்லையோ. அடுத்த தேர்வில் இந்த இரண்டாவது வகை தானாகவே மேலே வரும், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும். அதனால் தனி வகுப்பு நடத்திய பிறகு கீழ்க் குழுவின் சராசரி ஏறியது என்று மீட்டிங்கில் காட்டும்போது அதில் எவ்வளவு வகுப்பால் வந்தது என்று தெரியாது. இதே காரணத்தால் முதல் மார்க் வாங்கியவள் அடுத்த தேர்வில் கொஞ்சம் இறங்குவாள், உடனே அலட்சியம் வந்துவிட்டது என்று திட்டு வாங்குவாள். என் வீட்டில் ஒருத்தி போன மாதம் அப்படித்தான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அரும்புமொட்டு:

தொடக்கப் பள்ளி டீச்சர். எங்கள் பக்கக் கதையையும் கேளுங்கள். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது பிள்ளைகளைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளியே பார்க்காத பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் எழுத்தே தெரியாது. வகுப்பை வைத்து நடத்தாமல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பிள்ளையைத் தூக்கு என்பது நல்ல யோசனை, இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வாயில் அது என்ன ஆனது? "அரும்புப் பிள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க." கணக்கில் மலர், தமிழில் அரும்பு என்று இருக்கும் குழந்தையை நாங்கள் அரும்பு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆறு வயதுக் குழந்தை தன் தம்பியிடம் போய் "நான் அரும்பு, எனக்குப் பெரிய கணக்கு வராது" என்று சொன்னதாக அதன் பாட்டி வந்து என்னிடம் சொன்னார். நிலையை நோட்டில் எழுதுங்கள், பிள்ளையின் நெற்றியில் எழுதாதீர்கள்.

அதற்கு முன்னால் 2012-13இல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது, பாடம் நடக்கும்போதே ஆசிரியர் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40 என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 36க்குக் கீழே போட்டால் ஏன் என்று கேள்வி வரும், அதனால் எல்லோருக்கும் 38. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று நாமே தெரிந்துகொள்ளக் கொடுத்த இடம் அது, அதைத் தாராள மனதோடு நிரப்பிக் கொடுத்துவிட்டோம். மேல்நிலையில் பள்ளியே போடும் அகமதிப்பீட்டுக்கு வைத்திருக்கும் 10ம் அதே வழிதான் போகிறது. கணக்குப் பார்க்கப்படும் எந்த எண்ணும் கொஞ்ச நாளில் உண்மை பேசுவதை நிறுத்திவிடும், இது என் அனுபவம்.

இன்னொன்று, சாக்பீஸ் சாருக்கு உபயோகப்படலாம். 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்தார். சில பிள்ளைகளுக்கு வெறும் மதிப்பெண், சிலருக்கு வெறும் குறிப்பு, சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்கள் மாதிரியே நின்றுவிட்டார்கள். பார்க்கப் போனால் நமக்கே தெரிந்ததுதான். தாளை நீட்டினால் பிள்ளை முதலில் மேல் மூலையைப் பார்க்கும், அடுத்து பக்கத்துப் பிள்ளையின் மேல் மூலையைப் பார்க்கும், அதோடு தாள் பைக்குள் போய்விடும். நான் தாளைக் கொடுக்கும்போது மார்க்கை எழுதுவதில்லை, குறிப்பு மட்டும். பிள்ளைகள் திருத்தி எழுதிக் காட்டிய பிறகுதான் மார்க் சொல்வேன். சின்னப் பிள்ளைகளிடம் இது நடக்கிறது. பத்தாம் வகுப்பில் விடுவார்களா தெரியவில்லை 😀

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், நானும் கணிதந்தான் படிப்பிக்கிறேன். இங்கேயும் கோடு 35இல்தான் நிற்குது. சாதாரண தரத்தில், உங்கட பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி, 35 எடுத்தால் எஸ், அதாவது பாஸ், ஒரு புள்ளி குறைந்தால் டபிள்யூ, அதாவது ஃபெயில். தவணைப் பரீட்சை முடிய ரிப்போட்டில் மொத்தப் புள்ளி, சராசரி, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று எழுதிக் கொடுக்கிறோம், தாய் தகப்பன் அந்த எத்தனையாம் பிள்ளை என்பதைத்தான் பார்க்கினம்.

சராசரி பற்றி ஒரு விடயம். சித்திரத்தில் 80உம் கணிதத்தில் 50உம் எடுத்த பிள்ளை எதில் கெட்டி? வகுப்புச் சராசரி சித்திரத்தில் 82, கணிதத்தில் 38 என்றால் கணிதத்தில்தானே. உங்கட பிளஸ் டூ மாதிரியான உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2001இல் இசட் புள்ளி கொண்டு வந்தவை. புள்ளியில் இருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலகலால் வகுக்கிறது, பிறகு மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி. யோசனை சரி. ஆனால் 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு கூட்டம் எழுதினது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்து, அது உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) வரை போய், 2012இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. ஆரோடு ஆரை ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் எந்தச் சூத்திரத்தைப் போட்டும் பயனில்லை. உங்கட வகுப்புக்கு இசட் ஒன்றும் தேவையில்லை சேர், மார்க்குக்குப் பக்கத்தில் அந்தப் பாடத்தின் வகுப்புச் சராசரியையும் எழுதிவிட்டால் பெற்றோருக்கு அரைவாசி விளங்கிவிடும்.

சாக்பீஸ்தூள்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேற்குத்தெரு சார் சொன்ன பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். திருத்தி முடித்த தாள்கள் என்பதால் நேரம் பிடித்தது, அரையாண்டுக்குத் திருத்தும்போதே போட்டுக்கொள்வேன்.

மூன்று விஷயம் கண்ணில் பட்டது. கட்டாயக் கேள்விகள் இரண்டிலும், 28ம் 42ம், கிட்டத்தட்ட எல்லோருக்கும் வட்டம். பெருக்கல் குறி இல்லை, வட்டம். தெரியாமல் விடவில்லை, பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது கட்டாயம் என்பதே தெரியவில்லை. சாய்ஸில் விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, குறை எண்ணில் தடுமாறுகிறவர்கள் பதின்மூன்று பேர், அதில் ஆறு பேர் படிவத்தில் மெல்லக் கற்போர் கிடையாது. மூன்றாவது, ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்றில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் 'இ' என்று எழுதியிருக்கிறார்கள், வந்த விடைக்குறிப்பில் 'ஆ'. போட்டுப் பார்த்தால் 'இ'தான் சரி. எல்லோருக்கும் ஒரு மார்க் ஏற்றினேன், அதில் ஒருவன் 34இல் இருந்து 35 ஆகிவிட்டான், எண்ணும்மனசு சாரை நினைத்துக்கொண்டேன்.

படிவத்தைக் கேட்டபடியே கொடுத்துவிட்டேன். மாலை வகுப்புக்கு மட்டும் இரண்டு பட்டியலையும் கலந்துகொள்ளலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன், 35க்குக் கீழே உள்ள பெயர் ஒன்றும் விடுபடாமல் இருந்தால் சரி என்றார். இன்னும் ஒரு சந்தேகம். அந்த 41 பையனிடம் நீயும் மாலை வகுப்புக்கு வா என்றதும் முகம் சுருங்கிவிட்டது, நான் பாஸ்தானே சார் என்கிறான். வீட்டில் இருந்தும் அதே கேள்வி வரும். என்ன சொல்வது?

மேற்குத்தெரு கணக்கு:

மெல்லக் கற்போர் வகுப்பு என்று அழைத்தால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். திங்கள் முதல் வெள்ளி வரை குறை எண், அவ்வளவுதான் வகுப்பின் பெயர். 62 வாங்கியவர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள், அவனுக்கு அது போதும். வீட்டுக்கு அவன் தாளையே கொடுத்தனுப்புங்கள், காலியாக இருக்கும் பக்கங்களை அப்பா புரட்டிப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை பத்தே பத்து கணக்கு கொடுங்கள், மார்க் போடாதீர்கள். எட்டு சரி என்றால் அடுத்த வாரம் அவன் வர வேண்டாம்.

அந்த 28, 42 விஷயத்துக்கு வினாத்தாளைக் கையில் கொடுத்து ஒரு பீரியட் முழுக்கப் பேசுங்கள், பாடமே நடத்தாமல். அப்புறம் காம்பஸ்: பள்ளி அலுவலக அலமாரியில் விலையில்லாப் பொருளாக வந்த ஜியாமெட்ரி பாக்ஸ் கொஞ்சம் மீதி கிடக்கும், எழுத்தரிடம் கேளுங்கள்.

பாஸ்மார்க்:

கிடக்கும், ஆனால் காம்பஸ் திருகு லூஸாக இருக்கும். பென்சில் நிற்காது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.